கக்கூஸ் சுவர் மயில்சிகை

நம் லைன் வீட்டுப் பிள்ளைகள் வாட்ஸ்ஆப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். குழாயடி வீட்டுக்காரி அனுப்பியிருந்தாள். அவள் மகன் வாங்கியிருக்கும் மனையை ஒட்டிய பழைய சுற்றுச்சுவரில் விரல் நீளத்துக்கு ஒரு செடி. காம்பு நுனியில் குட்டிப் பனையோலை விசிறி. 'இது என்ன செடி, எப்படிக் காப்பாற்றுவது?' என்று கேட்டிருந்தாள். ஒருத்தர் பூங்கொத்துப் போட்டார். இன்னொருத்தர் காலை வணக்கம் சொன்னார். அதற்குக் கீழே ஒரு ஃபார்வர்டு: இது மயில்சிகை, பாலில் அரைத்துக் கொடுத்தால் பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளை நிச்சயம், எல்லாருக்கும் அனுப்புங்கள். படம் போட்டவள் அதற்குக் கும்பிடு போட்டிருந்தாள். அவள் மருமகளுக்கு இன்னும் குழந்தை இல்லை என்பது நமக்கெல்லாம் தெரியும்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நான் எதற்கெடுத்தாலும் மூஞ்சியைச் சுளிக்கிறவள் என்று நீங்கள் கேலி செய்வதுண்டு. செய்யுங்கள். கல்யாண மண்டபத்தில் டம்ளரை மோந்து பார்க்காமல் தண்ணீர் குடிக்கமாட்டேன். அடுத்தவர் தலையணையில் தலை வைக்கமாட்டேன். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. குழாயடி வீட்டுக்காரி செடியை வளர்க்கத்தான் கேட்கிறாள் என்று நம்பி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

முதலில் நம் லைன் வீட்டுச் சுவர். கும்மிடிப்பூண்டி லைன் வீடுகளின் பின்பக்கம் உங்களுக்கு மறந்திருந்தால் நீங்கள் புண்ணியம் செய்தவர்கள். எனக்கு மறக்கவில்லை. ஒரு காலத்தில் அங்கே நெல் மில் இருந்து இடிந்துபோனதாம். அதன் ஒரு சுவர் மட்டும் நின்றது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகத் தடித்த சுவர். செங்கல் மிச்சம் என்று வீட்டு ஓனர் அதோடு ஒட்டி இந்தப் பக்கம் குளிக்கிற தடுப்பும் அந்தப் பக்கம் கக்கூஸ் தொட்டியும் கட்டிவிட்டார். இப்படிக் கட்டலாமா என்று கேட்க ஆளில்லை. நம் அப்பாக்கள் ரோலிங் மில் சூட்டில் வெந்து வந்து விழுந்து தூங்குகிறவர்கள். தொட்டி நிரம்பினால் இந்தப் பக்கம் சுவர் வியர்க்கும். அடியில் காரை இடுக்கிலிருந்து கறுப்பாக ஒன்று இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டுதான் நாம் பல் தேய்த்தோம், குளித்தோம்.

சுவரின் ஓட்டை ஒவ்வொன்றிலும் ஏதாவது செருகியிருக்கும். தேய்ந்த சோப்புத் துண்டு, துருப்பிடித்த பிளேடு, எல்லாவற்றுக்கும் மேலாக முடி. தலை வாரி உதிர்ந்த முடியைச் சுருட்டி எச்சில் தொட்டு உருட்டி அங்கே செருகிவைப்பார்கள். முடிக்காரர் வந்தால் அதைக் கொடுத்து ஊக்கும் சீப்பும் வாங்கலாம். ஈரத்தில் ஊறி அந்த உருண்டைகள் நாறும். வெற்றிலை போடுகிறவர்கள் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை அதே சுவரில் தேய்த்துவிட்டுப் போவார்கள். கருமம், கருமம். ஆனால் அந்தச் செடிக்குச் சுண்ணாம்புதான் உயிர் என்று பின்னால் தெரிந்தது.

சித்தி பொங்கல் கழிந்து வந்தாள். அம்மாவின் தங்கை. திருவாலங்காட்டுப் பக்கம் நெல் நிலம் உள்ள வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். குழந்தை இல்லை. 'கொஞ்ச நாள் அக்கா வீட்டுல இருந்துட்டு வரட்டும்' என்று சித்தப்பா ஒரு ரெக்சின் பையோடு கொண்டுவந்து விட்டுவிட்டு அடுத்த ரயிலில் போய்விட்டார். கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவர்கள் வீட்டில் வேறு பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். சித்திக்கும் அது தெரியும். ஆனாலும் அவளுக்குத் திரும்பிப் போகத்தான் ஆசை. சித்தப்பாவை அவளுக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை ரயில் வருகிற நேரத்துக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்காருவாள். ரயில் போய் ஊர் அடங்கியபிறகுதான் எழுந்து உள்ளே வருவாள்.

ஒரே அறையில் அவளையும் சேர்த்து நாங்கள் நாலு பேர். சும்மா சாப்பிடுகிறாள் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. குளிக்கிற தடுப்பைக் கழுவுகிற வேலையை மட்டும் அவள் தலையில் கட்டினார்கள். நம் லைனில் அது முறை வைத்துச் செய்கிற வேலை, ஞாபகமிருக்கும். சித்தி வந்தபின் எல்லார் முறையும் அவள் முறையாகிவிட்டது. அப்படித் தேய்த்துக் கழுவும்போதுதான் ஒரு முடி உருண்டைக்குப் பின்னால் அதைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, பனமரம் குட்டி போட்டுக்கீது!" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ப் பார்த்தேன். உண்மையில் அழகாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் அப்படி ஒன்று இருப்பது எனக்குக் கோபத்தைத்தான் உண்டாக்கியது.

சித்தி கொண்டை ஊசியால் முடி உருண்டைகளை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துச் செடிக்கு இடம் பண்ணினாள். அன்று மத்தியானம் லைனே இரண்டுபட்டது. "எம்முடிய எவ எடுத்தா? முடிக்காரன் வர்ற நேரம் பாத்து ஆட்டய போட்டுக்கினாளுங்க!" என்று ஒவ்வொருத்தியும் கத்தினாள். சித்தி எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் கொட்டி, "இந்தா, உன்னுது எதுன்னு மோந்து பாத்து எடுத்துக்கோ" என்றாள். ஒவ்வொருத்தியாக நழுவினாள்.

இனிமேல் குழாயடி வீட்டுக்காரி கவனமாகப் படிக்கலாம். செடியைத் தோண்டிப் பூந்தொட்டியில் வைக்காதே. சித்தி அதைத்தான் முதலில் செய்தாள். டால்டா டப்பாவில் செம்மண்ணும் சாணி எருவும் போட்டு ஒன்றைப் பிடுங்கி நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினாள். ஒரே வாரத்தில் அழுகிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. அடுத்ததை வேரோடு ஒட்டியிருந்த காரையும் சேர்த்துப் பெயர்த்தெடுத்து, மேலே காய்ந்த பகுதியில் இருந்த இடுக்கில் வைத்து, இடித்த செங்கல் தூளும் பழைய சுண்ணாம்புக் காரைத் தூளும் திணித்தாள். அது பிடித்துக்கொண்டது. எரு கிடையாது. மண்ணும் கிடையாது. வேர் சுவரைப் பற்றுகிறவரை கையில் தண்ணீர் தொட்டுத் தெளித்தாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டாள். கறுப்புக் கசிவு இறங்குகிற அடிப்பகுதியில் இருந்தவை தாமாகவே அழுகின. நல்ல தண்ணீரே அதிகமானால் ஆகாத செடிக்கு அந்தக் கண்றாவி எப்படி ஆகும்? சோப்புத் தண்ணீர் பட்டாலும் ஓரம் கருகும். அதனால் குளிக்கிறவர்கள் அந்தப் பக்கம் சொம்பை வீசி ஊற்றாதபடி ஒரு தகரத்தைச் சாய்த்துவைத்தாள்.

"மனுசங்களுக்கே தண்ணி இல்ல, இவ செவுத்துக்குக் கொடை புடிக்கிறா" என்று அம்மா திட்டினாள்.

"செவுத்துக்கு இல்லக்கா. இது ஒண்ணுதான் இந்த ஊட்ல என்னிய ஒண்ணும் கேக்காம கீது" என்றாள் சித்தி, சிரித்துக்கொண்டே.

சித்திரை வெயிலில் செடிகள் சுருண்டன. விசிறி ஒவ்வொன்றும் மடங்கிப் பழுப்பாகி, கிள்ளினால் பொடியாகிறமாதிரி ஆனது. "செத்துப்போச்சி, சொரண்டி எடுத்துட்டுச் சுத்தமா கழுவி உடு" என்று அம்மா சொன்னாள். சித்தி கேட்கவில்லை. "சாவலக்கா, கோச்சிக்கினு கீது" என்றாள். பாவம் பார்த்துத் தண்ணீரும் ஊற்றவில்லை. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்: கோடையில் அது செத்தமாதிரி இருந்தால் செத்ததாக நினைத்துப் பிடுங்கவும் கூடாது, பிழைக்கவைக்கிறேன் என்று தண்ணீரைக் கொட்டவும் கூடாது. சும்மா விட்டுவிட வேண்டும். சும்மா விடுவதுதான் நமக்குத் தெரியாதே.

ஆடி கடைசியில் ஒரு சாயந்திரம் அடித்துப் பெய்தது. கக்கூஸ் தொட்டி பொங்கி முற்றம் முழுக்க மிதந்தது. அதில் மிதித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடப் பையைத் தூக்கி வந்தேன். மறுநாள் காலையில் சித்தி என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். சுருண்டிருந்ததெல்லாம் விரிந்திருந்தது. பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை. சித்தியின் முகத்தில் நான் அவ்வளவு சந்தோஷத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. "பாத்தியாடி, எழுந்து உக்காந்துக்கிச்சி!" என்று என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இன்றைக்கும் அந்த அடி எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆவணி பிறந்ததும் சித்தப்பாவும் அவர் அம்மாவும் வந்தார்கள். சித்தி அன்றைக்கு முகம் கழுவியிருக்கவில்லை; கையெல்லாம் பினாயில். ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று அம்மா சிக்கன் எடுக்கச் சொன்னாள். மாமியார்க்காரி சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"பொண்ணு பாத்துக்கினுதான் கீறோம், பொய் சொல்ல மாட்டேன். எம்புள்ளதான் கடசியா ஒருவாட்டி போயிப் பாக்கலாம்னான். அதான் வந்தோம்."

சித்தப்பா நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எங்கள் வீட்டு நாற்றம் பிடிக்கவில்லை. "இன்னா கப்பு அடிக்குது! இதுல எப்டித்தான் குடித்தனம் பண்றீங்களோ" என்று துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். கக்கூஸுக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, 'நமக்கு ஆவாது' என்று தண்டவாளத்துப் பக்கம் போய்வந்தார். அதில் எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. நானும் அப்படித்தான்.

மாமியார்க்காரி கைகால் கழுவத் தடுப்புக்குள் போனாள். அவ்வளவுதான், அங்கிருந்து கூவினாள். "மயில்சிகடி! மயில்சிக! இத்த வச்சிக்கினா நீ மலடியா கீற? ஊரூரா தேடுறோம், இங்க செவுரு பூரா காச்சிக்கீது!"

அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடவுளே கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்றாள். மாமியார்க்காரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மூலிகையை அப்படியே பறிக்கக் கூடாது. முதல்நாள் அதற்குக் காப்புக் கட்டி, சாபம் நீக்கி, அனுமதி கேட்க வேண்டும். அப்போதுதான் பலிக்குமாம். அன்று சாயந்திரம் அந்தத் தடுப்புக்குள் மஞ்சள் கயிறு கட்டிக் கற்பூரம் ஏற்றினார்கள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு கையில் கற்பூரத் தட்டு, இன்னொரு கையால் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு, கக்கூஸ் சுவருக்குத் தீபாராதனை. லைன் பெண்கள் எல்லாரும் மூக்கை மூடிக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சித்தியையும் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். அவள் தினம் பிரஷ் போட்டுத் தேய்க்கிற தரையில் அவள் விழுந்து கும்பிட்டாள்.

விடிந்ததும் மாமியார்க்காரி அரிவாள்மணைக் கத்தியால் சுவரைச் சுரண்டினாள். சித்தி மேலே ஏற்றிவைத்தது, அடியில் தானாக இருந்தது, எதுவும் மிச்சமில்லை. வேரும் காரையும் கறுப்புக் கசிவில் ஊறிய பாசியும் எல்லாம் முறத்தில் விழுந்தன. "பாத்து எடுங்க அத்த, வேர வுட்டா திரும்ப வரும்" என்று சித்தி ஒரே ஒருமுறை சொன்னாள். "வேருலதாண்டி வீரியம்" என்றாள் அவள். எங்கள் அம்மியில் வைத்து அரைத்தார்கள். அடுத்து அதே அம்மியில் தேங்காய்ச் சட்னி. கன்று போட்ட மாட்டுப் பாலில் கலக்கினார்கள். எவர்சில்வர் டம்ளரில் பச்சையும் கறுப்புமாக ஒன்று, மேலே நுரை.

தலைக்குக் குளித்து ஈரப் புடவையோடு சித்தியைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்தார்கள். டம்ளர் கைக்கு வந்தது. அவள் அதை மோந்து பார்த்தாள். முகம் கோணியது. அம்மா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இந்தச் செவுத்துக்குப் பின்னாடி இன்னா கீதுன்னு உனுக்குத் தெரியுமில்ல?"

நான் சொன்னேன். "கக்கூஸ் டேங்கி." அம்மா என் தொடையில் திருகிய திருகல் நாள்கணக்கில் கன்றிப்போயிருந்தது. ஆனால் நான் என்னவோ கண்டுபிடித்துச் சொல்லிவிட்டதுபோல் அங்கே யாரும் திடுக்கிடவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாருக்கும் தெரியும்.

"மருந்துன்னா அப்டிதான் இருக்கும். கண்ண மூடிக்கினு மடக்குனு குடிச்சிடு" என்றாள் அம்மா. குரல் கெஞ்சியது. "உன் நல்லதுக்குத்தானேடி சொல்றோம். குடிச்சிட்டு மத்தியான ரயில்ல ஊட்டுக்குப் போ."

சித்தி டம்ளரை உதடுவரை கொண்டுபோனாள். குடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்குப் போகத்தானே ஆசை. அப்புறம் கையை இறக்கி, நாற்காலியில் இருந்த சித்தப்பா பக்கம் நீட்டினாள்.

"ஆஸ்பத்திரில எனுக்கு ஒண்ணும் கொறையில்லன்னாங்க. உன்னிய இட்டாரச் சொன்னாங்க. நீதான் வரல. பரவால்ல, வுடு. நீ ஒரு வாய் குடிய்யா. மீதிய நான் குடிச்சிட்டு உன்கூட வரேன்."

மாமியார்க்காரி வாயைப் பிளந்தாள். சித்தப்பா குனிந்து டம்ளருக்குள் பார்த்தார். பார்த்ததும் உடம்பையே பின்னால் இழுத்துக்கொண்டு நாற்காலியோடு நகர்ந்தார். "சீ! கருமம். அத்தப் போயி நான் குடிப்பனா?"

"உனுக்குக் கருமம். எனுக்கு மட்டும் பிரசாதமா?"

சித்தி சத்தம் போடவில்லை. எழுந்து போய் முற்றத்துச் சாக்கடையில் டம்ளரைக் கவிழ்த்தாள். அம்மா ஓடிவந்து அவள் கன்னத்தில் அறைந்தாள், ஒன்றல்ல. மாமியார்க்காரி பையைத் தூக்கினாள். "இங்கயே கெடந்து கக்கூஸ் கழுவு" என்றாள். சித்தப்பா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனார். தெரு முனைவரை சித்தி பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அவள் உட்கார்ந்து அழுத அழுகையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். துணிச்சல்காரி என்று இப்போது சொல்லிவிடலாம். அன்றைக்கு அவளுக்கு எல்லாம் போய்விட்டது.

அப்பா ஷிஃப்டு முடிந்து வந்து, "காலங்காத்தால இன்னா பேஜாரு?" என்று கேட்டார். அம்மா சொன்னாள். கேட்டுவிட்டு நாஷ்டா சாப்பிட்டுப் படுத்துவிட்டார். நாஷ்டாவுக்குச் சட்னி இருந்தது. நான் தொடவில்லை.

என் அம்மாவைக் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். தங்கை வாழவேண்டும் என்று உயிரை விட்டவள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. விரோதி கொடுத்தால் தட்டிவிடலாம். பாசமாகக் கொடுக்கிறவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. தெரிந்தும் கண்ணை மூடிக்கொள் என்றார்கள். மூடிக்கொள்ள வேண்டிய கண் அவளுடையது. சித்தப்பா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு 'சீ' என்று சொல்லலாம். அதில் யாருக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை.

சித்தி அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். நம் லைனிலேயே ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். அது உங்களுக்குத் தெரியும். அதற்காக அவளைப் பற்றி லைனில் என்னவெல்லாம் பேசினார்கள் என்பதும் தெரியும். இப்போது திருநின்றவூரில் சின்னதாக ஒரு ஃபிளாட்டில் இருக்கிறாள். செடி எதுவும் வளர்ப்பதில்லை. கேட்டால், "எனுக்கு இன்னாத்துக்கு?" என்பாள்.

போன தையில் திருவள்ளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த வயசான அம்மா, நான் டம்ளரை மோந்து பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார். பேச்சுக்கொடுத்தார். ஊர் திருவாலங்காட்டுப் பக்கம் என்றார். இன்னார் வீடு என்றார். என் சித்தப்பாவின் இரண்டாவது மனைவி. நான் யார் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் எத்தனை என்று அந்தக் காலத்து மரியாதைக்குக் கேட்டுவிட்டேன்.

"இல்லம்மா. பொறக்கல. எங்க அத்த பண்ணாத வைத்தியம் இல்ல" என்றார். "மயில்சிகன்னு ஒண்ணு, செவுத்துல மொளைக்கும். மழ பேஞ்சா போதும், எங்கியாவது போயி சொரண்டிக்கினு வந்துருவாங்க. அவுங்க கண்ண மூடுற வரைக்கும் அரச்சிக் குடுத்தாங்க."

"நீங்க குடிச்சீங்களா?" என்றேன்.

"குடிக்காம?" என்று கேட்டுவிட்டு அவர் பாயசத்தை இலையில் வாங்கி வழித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் திருநின்றவூர் போய்ச் சித்தியிடம் சொன்னேன். டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவர்கள் வீட்டுப் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவள், அன்றைக்கு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தாளு?"

"அரைச்சுக் குடுக்கறப்ப பக்கத்துலதான் இருந்திருப்பாரு."

"அந்தப் பொம்பள குடிச்சிச்சா?"

"குடிச்சாங்களாம் சித்தி. வருஷக்கணக்கா."

சித்தி டிவியை அணைத்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சமையலறைத் தொட்டிக்குப் போய், குழாயைத் திறந்து, வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினாள். திரும்பவும் எடுத்தாள்.